காம்பாரில் எங்கே பசியாறுவது? – ஒரு சிறு நகரின் உணவுக் கடைகளும் அவற்றின் தமிழும்

முன்னுரை

பேரா மாநிலத்தின் கிந்தாப் பள்ளத்தாக்கில், ஈப்போவுக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள காம்பார், ஈயத்தால் எழுந்த நகரங்களுள் ஒன்று. 1985ஆம் ஆண்டு உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்தபின் அந்நகரின் ஆரவாரமும் அடங்கிற்று. 2007இல் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகம் தன் வளாகத்தை அங்குத் திறந்தது முதல் காம்பார் மீண்டும் இளைஞர் நடமாட்டம் மிக்க ஊராயிற்று. 2010 முதல் மின்தொடர்வண்டியும் ஓடத் தொடங்கியதால், கருத்தரங்கிற்கோ பணிமனைக்கோ செல்லும் விரிவுரையாளர்களும் தமிழாசிரியர்களும் கோலாலம்பூரிலிருந்து காலையில் புறப்பட்டு அங்குச் சென்று இறங்குவது எளிதாகிவிட்டது. அவ்வாறு இறங்குவோர் முதலில் எழுப்பும் வினா, ‘இங்கு எங்கே சாப்பிடலாம்?’ என்பதேயாகும்.

இவ்வினா ஆய்விதழில் இடம்பெறத்தக்கதுதானா என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் ஓர் ஊரில் எங்கே உண்பது என்று விளக்கப் புகுந்தால், அங்கு யார் சமைக்கிறார்கள், எம்மொழியில் கேட்டால் உணவு கிடைக்கும், எச்சொல்லால் அவ்வுணவு அழைக்கப்படுகிறது என்பனவற்றையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. மலேசியத் தமிழர்தம் உணவுக் கடைகளில் வழங்கும் தமிழ், வகுப்பறையில் பிழையெனத் திருத்தப்படுவதையும், அதே வேளையில் கடைகளிலிருந்தும் மெல்ல விலகிச் செல்வதையும் இக்கட்டுரையாளர் சில ஆண்டுகளாகக் கவனித்து வருகிறார். இக்கட்டுரை எழுவதற்கு அதுவே காரணம்.

ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடலாம். பேரா மாநிலத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில் மாணவி ஒருத்தி எழுதிய கட்டுரையைக் காண நேர்ந்தது. ‘விடுமுறை நாளில் தாத்தாவுடன் கடைக்குச் சென்று பசியாறினோம்’ என்று அவள் எழுதியிருந்தாள். ‘பசியாறினோம்’ என்பது சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, ‘காலை உணவு உண்டோம்’ என்று மாற்றப்பட்டிருந்தது. திருத்தியவர் கடமையுணர்வு மிக்க ஆசிரியர். நல்ல தமிழை ஊட்ட வேண்டும் என்னும் எண்ணத்தாலேயே அவ்வாறு செய்தார். ஆனால் அடிக்கப்பட்ட சொல் எழுதப்பட்ட சொல்லைவிடத் தாழ்ந்ததன்று.

பசியாறுதல்

‘பசியாறுதல்’ என்பது பசி நீங்க உண்ணுதல் என்னும் பொருளில் தமிழகத்திலும் வழங்கும் பழஞ்சொல்லேயாகும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அது காலையுணவை மட்டும் குறிப்பதாகப் பொருள் சுருங்கி வழங்குகிறது. ‘பசியாறிட்டீங்களா?’ என்று காலையில் கேட்பார்கள். நண்பகலில் அவ்வாறு கேட்பதில்லை, ‘சாப்பிட்டாச்சா?’ என்பார்கள். தமிழகக் கடற்கரை ஊர்களில் வாழும் தமிழ் முஸ்லிம்களிடையேயும் காலையுணவைப் ‘பசியாற’ என்னும் வழக்கு உண்டு. மலாயாவில் உணவுக் கடை நடத்தியோருள் அவர்கள் மிகுதி என்பதால், இவ்விரு வழக்குகளுக்கும் தொடர்பு இருத்தல் வேண்டும் என்று கருதுவது பொருத்தமாகவே தோன்றுகிறது.

ஆயினும் இச்சொல் இந்நாட்டில் இத்துணை ஆழமாக வேரூன்றியதற்குத் தோட்ட வாழ்வின் நேர ஒழுங்கையும் ஒரு காரணமாகக் கொள்ளலாம். இரப்பர் மரத்தில் பால் நன்கு வடிவது வெயில் ஏறுமுன் உள்ள குளிர்ந்த பொழுதில். ஆகவே, பால்வெட்டுத் தொழிலாளர் இருள் விலகுமுன்னரே எழுந்து, வெறுங்கோப்பியைக் குடித்துவிட்டுப் பெரட்டுக் களத்தில் வந்து நிற்க வேண்டும். கிராணி பெயர் கூப்பிட்டபின் அவரவர் நிரைக்குச் சென்று மரம் வெட்டுவர். மங்குகளில் பால் நிறையும் இடைவேளையில்தான், வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சோற்றையோ ரொட்டியையோ பிரித்து உண்பர். விடியலுக்கு முன்பிருந்து உழைத்த உடலுக்கு அது சிற்றுண்டி அன்று. பசி ஆறும் உணவு. ‘சிற்றுண்டி’ என்றோ ‘டிபன்’ என்றோ அதனை அழைப்பது அவ்வுழைப்பின் அளவை அறியாதார் வைத்த பெயராகவே அமையும்.

சொல்லின் அமைப்பையும் நோக்குதல் தகும். ‘ஆறு’ என்னும் வினை தணிதல், சூடு நீங்குதல் என்னும் பொருளது. அதன் பிறவினை ‘ஆற்று’. பசி ஆறுகிறது, புண் ஆறுகிறது, சினம் ஆறுகிறது, தேநீரை ஆற்றுகிறோம். பசியை ஒரு தீயாகக் கண்ட மரபு நமக்கு உண்டு. மணிமேகலையில் காயசண்டிகை உற்ற தீராப் பசிநோய் ‘யானைத்தீ’ எனப்படுகிறது. வள்ளலார் 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவி அடுப்பை மூட்டியதும் பசியென்னும் நெருப்பை அவிக்கவே. இம்மரபில் வந்த ஒரு சொல்லைத் தோட்டத்து மக்கள் தம் காலையுணவுக்குச் சூட்டிக்கொண்டனர். ‘காலை உணவு’ என்பதோ பொழுதையும் பொருளையும் அடுத்தடுத்து வைத்த வெறுந்தொடர்.

2024 டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் மலேசியாவின் காலையுணவுப் பண்பாட்டை மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக் ஆகியவை அதில் முதன்மையாகக் குறிக்கப்பட்டன. பல்லினத்தார் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து காலையில் உண்ணும் வழக்கத்திற்குக் கிடைத்த ஏற்பு அது. அவ்வழக்கத்திற்குத் தமிழில் நம்மிடம் பெயர் இருக்கிறது. அப்பெயரை நாமே சிவப்பு மையால் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

சீனர் கடையில் தமிழ்ச்சொல்

காம்பாரின் பழைய நகர்ப்பகுதி ஜாலான் கோப்பெங், ஜாலான் இட்ரிஸ் ஆகிய தெருக்களைச் சூழ்ந்தது. ஐந்தடி நடைபாதையுடன் கூடிய பழைய கடைவீடுகள் இன்றும் அங்கு வரிசையாக நிற்கின்றன. ஈயச் சுரங்கங்களால் வளர்ந்த ஊராதலின், நகரின் நடுப்பகுதிக் கடைகளில் பெரும்பாலன சீனர்க்கு உரியன. வெளியூரார் காம்பாரில் தேடி உண்பனவும் அவர்தம் பண்டங்களே. மண்சட்டியில் வேகவைத்த கோழிச்சோறு அவற்றுள் ஒன்று. அதனினும் பெயர்பெற்றது கோழிக்கறி ரொட்டி. தலையணை போலப் பருத்த ரொட்டி ஒன்று மேசைக்கு வரும். அதை அரிந்து திறந்தால் உள்ளே தாளில் பொதிந்த கோழிக்கறி, உருளைக்கிழங்குடன் ஆவி பறக்க இருக்கும். ரொட்டியைப் பிய்த்துக் கறியில் தோய்த்து உண்ண வேண்டும். ஒருவர் தனியே உண்டு முடிப்பது கடினம். நால்வராகச் செல்லுதல் நலம்.

தமிழாசிரியர் இப்பண்டத்தின் முன் அமரும்போது சற்று எண்ணிப் பார்க்க வேண்டியது அதன் பெயரை. சீனர் சமைத்து, சீனர் கடையில் விற்கும் இவ்வுணவின் பெயரில் நிற்கும் ‘கறி’ தமிழ்ச்சொல். சங்க காலத்தில் ‘கறி’ என்பது மிளகையும் குறித்தது. யவனர் மரக்கலங்கள் பொன்னைக் கொண்டுவந்து முசிறியில் கறியை ஏற்றிச் சென்றதை அகநானூறு கூறுகிறது. பின்னர்க் காய்கறிக்கும் இறைச்சிக்கும் உரிய சொல்லாக அது விரிந்தது. போர்ச்சுக்கீசியர் வாயிலாக ஐரோப்பா சென்று, ஆங்கிலத்தில் 1747ஆம் ஆண்டுச் சமையல் நூலொன்றில் செய்முறையாகவே இடம்பெற்றது. மலாயில் ‘காரி’ ஆனது. சீனர் நாவிலும் சற்று உருமாறி ஒலிக்கிறது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. தமிழகத்தில் இன்று ‘கறி’ என்றால் பெரும்பாலும் இறைச்சி, நீர்த்தது ‘குழம்பு’. மலேசியத் தமிழர் ‘கறி ஊத்துங்க’ என்று கேட்பது குழம்பையே. இறைச்சியைச் சாறு வற்றச் சமைத்தால் ‘பிரட்டல்’. எண்ணெயில் வறட்டினால் ‘வறுவல்’. தமிழகத்திலிருந்து வரும் விருந்தினர், ‘கோழிப் பிரட்டல்’ என்பதைக் கேட்டுத் திகைப்பதை இக்கட்டுரையாளர் கண்டிருக்கிறார். இலங்கைத் தமிழரோ திகைப்பதில்லை, அவர்களிடமும் அச்சொல் உண்டு. ஆக, ‘பிரட்டல்’ என்பதை மலேசியக் கொச்சை என்று ஒதுக்குவதற்கு இடமில்லை.

சீனர் நடத்தும் கோப்பிக் கடைகளில் தமிழர் கேட்கும் பானங்களின் பெயர்களும் சுவையானவை. பாலில்லாத கோப்பி ‘கோப்பி ஓ’. ‘ஓ’ என்பது ஹொக்கியன் மொழியில் கறுப்பு. சீனியும் வேண்டாவெனில் மலாய்ச் சொல்லைச் சேர்த்துக் ‘கோப்பி ஓ கொசோங்’. மூன்று சொல்லில் மூன்று மொழி வந்துவிடுகின்றன. இவ்வாறு கேட்பதைத் தமிழ்க்கொலை என்று கண்டிப்போர் உளர். ‘தே’ என்னாது ‘தேநீர்’ என்று சொல்லுங்கள் என மாணவரைத் திருத்துகிறோம். ஆனால் ‘தேநீர்’, ‘தேயிலை’ என்பவற்றின் முதலில் நிற்கும் ‘தே’யும் தென்சீனத்து ஹொக்கியன் வழக்கிலிருந்து உலகைச் சுற்றி நம்மிடம் வந்ததுதான். ஒன்று நேரே கோப்பிக் கடையிலிருந்து வந்தது. மற்றொன்று ஐரோப்பியர் வழியாக வந்து ‘நீர்’ என்னும் தமிழ்ச்சொல்லோடு சேர்ந்து நிலைபெற்றது. வேற்றுமை அவ்வளவே.

மாமாக் கடை

காம்பாரில் இரவு நேரம் கடந்து இறங்குவோர்க்கு வழிவிடுவன இந்திய முஸ்லிம் உணவகங்களே. பேச்சு வழக்கில் இவை ‘மாமாக் கடை’. தமிழ் ‘மாமா’ என்பதே மலாயர் நாவில் இறுதி ஒலி பெற்று ‘மாமாக்’ ஆயிற்று என்பது பலர் கொள்ளும் கருத்து. மினாங்கபாவ் மொழியிலும் தாய்மாமனைக் குறிக்க ‘மாமாக்’ என்னும் சொல் இருப்பதால், இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நின்றிருக்கலாம். இச்சொல்லை இழிவாகக் கருதுவோரும் உள்ளனர். ஆகவே, எழுத்தில் ‘இந்திய முஸ்லிம் உணவகம்’ என்பதே தக்கது. பேச்சில் அது உறவுப் பெயராகவே பெரும்பாலும் ஒலிக்கிறது.

‘கடை’ என்னும் தமிழ்ச்சொல் மலாயில் ‘கெடாய்’ ஆனது பலரும் அறிந்ததே. ரொட்டி சானாய் பற்றித்தான் விளக்கம் தேவைப்படுகிறது. ‘சென்னை ரொட்டி’யே ‘சானாய் ரொட்டி’ ஆயிற்று என்னும் கதை ஆசிரியர்களிடையே பெரிதும் வழங்குகிறது. கேட்பதற்கு இனிமையாக இருப்பினும் இதனை ஏற்பதற்குத் தயக்கம் உண்டு. மலாயில் ‘சானாய்’ என்பது தனித்த வினையாகவே உள்ளது. மாவை மெலிதாகத் தேய்த்து விரித்தலையும், கருவியைத் தீட்டுதலையும் அது குறிக்கும். ‘பத்து சானாய்’ என்றால் தீட்டுகல். நாம் கத்தி தீட்டும் ‘சாணை’யோடு இச்சொல் ஒலியாலும் பொருளாலும் ஒட்டி நிற்பதைக் காணலாம். அவ்வாறாயின், ரொட்டி சானாயில் தமிழைத் தேடுவோர்க்கு ஏமாற்றமில்லை. அது நகரின் பெயரில் இல்லை, கல்லின் பெயரில் இருக்கிறது.

‘தே தாரேக்’ என்பது மலாயில் ‘இழுத்த தே’. இரு குவளைகளுக்கிடையே நெடுக இழுத்து ஊற்றுவதால் அப்பெயர். தமிழகத்துத் தேநீர்க் கடைகளில் இதே செயல் ‘ஆற்றுதல்’ எனப்படுகிறது. மலாயர் கண்டது தேநீரின் நீளத்தை. தமிழர் கண்டது சூடு தணிவதை. பசியாறுதலில் உள்ள அதே வினை இங்கும் வருகிறது என்பதை மாணவர்க்குக் கடையில் நிறுத்தியே காட்டலாம். தன்வினை பிறவினைப் பாடத்திற்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இக்கடைகளில் வேலை செய்வோருள் தமிழ் பேசுவோர் உள்ளனர். ஆயினும் தமிழ் வாடிக்கையாளரும் மலாயிலேயே கேட்கின்றனர். பணியாளரும் மலாயிலேயே விடையிறுக்கின்றனர். கணக்குப் பார்க்கும் முதலாளியிடம் மட்டும் பணம் கொடுக்கும்போது தமிழ் தலைகாட்டும். இதனை இக்கட்டுரையாளர் பலமுறை கண்டிருப்பதோடு, தாமும் அவ்வாறே செய்திருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நண்பகல் இலை

காம்பாரில் தமிழர் நடத்தும் சோற்றுக் கடைகள் சிலவே. நண்பகலில் இலை போட்டு, சோறு, சாம்பார், மூன்று வகைக் காய்கறி, அப்பளம், மோர்மிளகாய், இரசம் என வழங்குவர். இறைச்சியும் மீனும் தனிக் கணக்கு. இதற்கு மலேசியத் தமிழர் வைத்துள்ள பெயர் ‘வாழையிலைச் சோறு’. மலாயில் ‘நாசி டாவுன் பீசாங்’. இளைஞரோ ஆங்கிலச் சொற்களை அப்படியே எடுத்து ‘பனானா லீஃப் சாப்பிடலாம்’ என்கின்றனர். இலையை யாரும் உண்பதில்லை என்பதை அவர்களும் அறிவர்.

உண்டபின் இலையை எப்பக்கம் மடிப்பது என்பதுபற்றி ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு விளக்கம் சொல்வார்கள். தம்மை நோக்கி மடித்தால் நிறைவு, எதிர்ப்புறம் மடித்தால் துக்க வீடு என்பது பரவலான கருத்து. சீன, மலாய் நண்பர்கள் இதனை நம்மைவிடக் கண்டிப்பாகப் பின்பற்றுகின்றனர்.

பல்கலைக்கழக வளாகம் வந்தபின் புதுநகர்ப் பகுதியில் உணவகங்கள் பெருகின. மாணவரை நம்பி நடக்கும் கடைகளாதலின், விடுமுறைக் காலத்தில் அவற்றுட் பல மூடிக்கிடக்கும். பருவ இடைவேளையில் செல்வோர் பழைய நகர்ப்பகுதியையே நாடுவது நன்று. புதிய கடைகளின் உணவுப் பட்டியல்கள் பெரும்பாலும் உரோமன் எழுத்தில் உள்ளன. ‘வறுவல்’, ‘பிரட்டல்’, ‘தோசை’, ‘இரசம்’ ஆகிய சொற்கள் அங்கும் உள்ளன. தமிழெழுத்து மட்டும் இல்லை. ஒரு மொழியின் சொல் நிலைத்து அதன் எழுத்து விலகிப் போவது மொழியியலார் கவனிக்க வேண்டிய செய்தி. பெயர்ப் பலகையில் தமிழ் உண்டா இல்லையா என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இந்நிலையை நாம் காணாமற் போய்விடுவோம்.

கட்டுதலும் பார்சலும்

உணவை வாங்கிச் செல்வதற்கு மலேசியத் தமிழர் வழங்கும் சொல் ‘கட்டுதல்’. ‘ரெண்டு தோசை கட்டுங்க’, ‘சோறு கட்டியாச்சு’ என்பர். மலாய்ச் சொல்லான ‘புங்குஸ்’, சீனர் சொல்லான ‘தாப்பாவ்’ ஆகியனவும் உடன் வழங்குகின்றன. பானத்தை நெகிழிப் பையில் ஊற்றி, ஓரத்தில் நாரால் முடிந்து தருவதும் ‘தண்ணி கட்டுதல்’தான். ‘கட்டுச்சோறு’ என்று பண்டு வழிநடைப் பயணத்திற்கு எடுத்துச் சென்ற உணவை அழைத்த அதே சொல் இது. தோட்டத்து நிரையைக் கடந்து இன்று நகரத்துக் கடையிலும் உயிரோடு இருக்கிறது.

அண்மைக் காலத்தில் ‘பார்சல்’ என்னும் சொல் பரவிவருகிறது. தமிழகத்திலிருந்து வந்து பணியாற்றும் சமையற்காரர்களும் பரிமாறுவோரும், தமிழகத் திரைப்படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் இதற்குக் காரணம் எனலாம். ‘டிபன்’, ‘மீல்ஸ்’ என்பனவும் அவ்வழியே வந்தன. சோற்றுக் கடைகள் இப்பணியாளரின்றி நடப்பது கடினம். 2018 ஜூனில், அன்றைய மனிதவள அமைச்சரும் ஈப்போ பாராட் நாடாளுமன்ற உறுப்பினருமான மு. குலசேகரன், 2019 ஜனவரி முதல் உணவகங்கள் உள்நாட்டுச் சமையற்காரரையே அமர்த்த வேண்டும் என்று அறிவித்தபோது, உணவக உரிமையாளரிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. பின்னர் அக்கருத்து தளர்த்தப்பட்டது. உள்ளூர் இளைஞர் அடுப்படிக்கு வருவதில்லை என்பதே உரிமையாளர் கூற்று. அமைச்சர் தரப்பிலும் நியாயம் இருந்தது, கடைக்காரர் தரப்பிலும் இருந்தது. அவ்விவாதத்தில் யாரும் எழுப்பாத ஒன்று, அடுப்படியில் நிற்பவர் மாறும்போது சொல்லும் மாறுகிறது என்பது.

இக்கட்டுரையாளர் காம்பார்க் கடையொன்றில் ‘ரெண்டு இட்டிலி கட்டுங்க’ என்று கேட்டபோது, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்திருந்த இளைஞர் ஒருவர் சற்று விழித்து, ‘பார்சலாண்ணே?’ என்றார். தமிழ்ச்சொல்லைக் கேட்டவர் மலேசியாவில் பிறந்தவர். ஆங்கிலச் சொல்லால் அதனை விளக்கிக்கொண்டவர் தமிழகத்தில் பிறந்தவர். எது தரமான தமிழ், எது வட்டார வழக்கு என்று வகுப்பறையில் நாம் போடும் கோடு, அந்தக் கல்லாப் பெட்டியின் முன் தலைகீழாகிவிட்டது. அடுத்த முறை சென்றபோது அவ்விளைஞரே ‘கட்டவா?’ என்று கேட்டார் என்பதையும் பதிவு செய்தல் வேண்டும். சொற்கள் ஒருவழிப் பாதையில் மட்டும் செல்வதில்லை.

ஈப்போ வரை

காம்பாரில் தமிழுணவு சிலவே என்பதால், அங்கு வாழும் தமிழர் வார இறுதியில் ஈப்போவுக்குச் செல்வது வழக்கம். அங்கு மூன்று இடங்கள் நம் நோக்கிற்கு உரியன. ஜாலான் யாங் கல்சோமில் உள்ள யோங் சுவான் என்னும் கோப்பிக் கடையில் விற்கும் நாசி கண்டார் ‘நாசி கஞ்சா’ என்னும் பட்டப்பெயரால் நாடறிந்தது. ஒருமுறை உண்டவர் விடமாட்டார் என்பதே அப்பெயரின் கருத்து. கடையின் பெயர் சீனம். உணவின் பெயர் மலாய். சமையல் தமிழ் முஸ்லிம்களுடையது. ‘கண்டார்’ என்பது தோளில் தாங்கும் தண்டு. பினாங்கில் தமிழ் முஸ்லிம் வணிகர் சோற்றையும் கறியையும் காவடிபோல் தண்டின் இருபுறமும் தூக்கி விற்றதால் வந்த பெயர். கறியைச் சோறு மூழ்க ஊற்றச் சொல்வதற்கு ‘பாஞ்சீர்’ என்பர். மலாயில் அதற்கு வெள்ளம் என்று பொருள்.

ஈப்போவின் மற்றொரு நாசி கண்டார் ‘வாங்கே’ என்னும் பெயரால் அழைக்கப்படுகிறது. வாடிக்கையாளரை ‘வாங்க, வாங்க’ என்று கூவி அழைத்த குரலே பெயராயிற்று என்பர். மலாய்க்காரரும் சீனரும் இன்று அச்சொல்லை ஓர் உணவின் பெயராக ஒலிக்கின்றனர். விருந்தோம்பலின் முதற்சொல் பெயர்ப்பலகை ஏறியதற்கு இதைவிடச் சான்று கிடைப்பது அரிது. அதன் உரோமன் எழுத்துக்கூட்டலைப் படித்துவிட்டுப் பொருள் விளங்காமற் போகும் தமிழ் மாணவரும் உண்டு.

மூன்றாவது, பூந்தோங்கில் உள்ள கச்சாங் பூத்தே கிராமம். எட்டயபுர வட்டாரத்திலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் கடலை, முறுக்கு, பகோடா முதலியவற்றைக் குடிசைத் தொழிலாகச் செய்து நாடெங்கும் அனுப்புகின்றனர். ‘கச்சாங் பூத்தே’ என்பது மலாயில் ‘வெண்கடலை’. தலையில் தட்டேந்தித் திரையரங்கு வாயிலில் தாள்சுருளில் விற்ற அந்நாளில் அது வறுத்த கடலையை மட்டும் குறித்தது. இன்று முறுக்கும் கச்சாங் பூத்தே, மிக்சரும் கச்சாங் பூத்தே. தமிழர் செய்யும் பண்டம் தமிழர் வாயிலேயே மலாய்ப்பெயர் பெற்றிருப்பதை எண்ணி வருந்துவோர், ‘காரி’யும் ‘கெடாயும்’ மறுபுறம் சென்றதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பதிவு செய்ய வேண்டிய காலம்

இலங்கைத் தமிழ் வழக்கிற்குத் தனிக் குறியீடு தந்து இடமளித்தது க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. 2008இல் அதன் திருத்திய பதிப்பு வந்தபோது பிற நாட்டுத் தமிழ் வழக்கும் அகராதிக்கு உரியது என்பது உறுதியாயிற்று. மலேசிய வழக்கும் அத்தகைய இடத்தைப் பெறவேண்டுமானால், சொற்களை அவை வழங்கும் இடத்திற்குச் சென்று தொகுத்தாக வேண்டும். தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபின், பெரட்டையும் நிரையையும் அறிந்த தலைமுறை நகரோரக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்துவிட்டது. அவர்களுட் சிலர் ஒட்டுக்கடை வைத்துப் பிழைக்கின்றனர். பெரிய கடையின் ஓரத்தில் ஒட்டி நிற்பதால் ஒட்டுக்கடை. இதுவும் இந்நாட்டு வழக்கே. சொல்லகராதிக்குத் தகவல் தரவல்லோர் பல்கலைக்கழகத்தில் இல்லை. அவ்வடுப்புகளின் முன்னால் இருக்கிறார்கள்.

மாணவரைக் களப்பணிக்கு அனுப்புவோர் ஒலிப்பதிவுக் கருவியோடு வினாநிரலையும் கொடுத்து அனுப்புகின்றனர். வினாநிரலைக் கண்டதும் அப்பெரியவர்கள் ‘நல்ல தமிழ்’ பேசத் தொடங்கிவிடுகின்றனர் என்பது எம் பட்டறிவு. ‘பசியாறுவதை நீங்கள் எவ்வாறு அழைப்பீர்கள்?’ என்று கேட்ட மாணவனிடம் ஓர் அம்மையார் சற்றே யோசித்துவிட்டுக் ‘காலைச் சிற்றுண்டி, தம்பி’ என்றார். அவன் கருவியை அணைத்துப் பைக்குள் வைத்தபின், ‘பசியாறிட்டியா ஐயா? உக்காரு, தோசை ஊத்துறேன்’ என்றார். முதலில் தேவைப்படுவது வினாநிரல் அன்று. உட்கார்ந்து உண்ணும் பொறுமை.

ஆகவே, காம்பாருக்குச் செல்லும் ஆசிரியர் எங்கே உண்பது என்று கேட்டால், இக்கட்டுரையாளரின் விடை இதுவே: நண்பகலில் இலைக்கும், மாலையில் கோழிக்கறி ரொட்டிக்கும் வழி உண்டு, அவற்றை எவரிடம் கேட்டாலும் காட்டுவர். காலைப் பொழுதை மட்டும் பெரிய உணவகத்திற்குக் கொடுக்க வேண்டா. சந்தைப் பக்கம் நடந்து, தோசைக்கல்லும் வடைச் சட்டியும் வைத்திருக்கும் ஒட்டுக்கடை ஒன்றைத் தேடி அமருங்கள். தமிழில் கேளுங்கள். இத்தகைய கடைகள் விடியற்காலையில் திறந்து வெயில் ஏறுமுன் அடுப்பை அணைத்துவிடும். தோட்டத்து நேரம் இன்னும் அவற்றில் நடக்கிறது. பத்து மணிக்குமேல் சென்றால் வடை மட்டுமே மிஞ்சியிருக்கும், அதுவும் ஆறிப்போயிருக்கும்.